மாயாண்டிப் பூசாரியின் பயம்

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயில் பூசாரியாக இருந்தான் மாயாண்டி. மாசித் திருவிழாவில் கரகம் எடுக்கும் தோட்டத்து இளைஞன் அழகனுக்கு அவன்தான் காப்புக் கட்டுவான். அந்தக் கையைப் பிடித்திருக்கும் கொஞ்ச நேரத்துக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பான். அந்த நினைப்பு வந்தாலே நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வான். அம்மனுக்குத் தெரிந்துவிடுமோ, அதைவிட, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுவான்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கு வந்த பொன்னையா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அழகனின் ஒற்றையறைக் காம்பராவில் தங்கினான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். தான் பயந்து பயந்து புதைத்து வைத்ததை இவர்கள் பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு நடக்கிறார்களே என்று மாயாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து லயத்துப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. ஊர் கோயில் முன்னால் கூடியது.

"ஆத்தாவுக்கு என்னா கொறை வச்சோம், பூசாரி?" என்று கேட்டார் தோட்டத்துத் தலைவர் நல்லமுத்து.

"ஆம்பளையும் ஆம்பளையும் குடும்பம் நடத்துற லயத்துல ஆத்தா எப்புடி இருப்பா? அழகனும் பொன்னையாவும் இங்க இருக்கிறவரைக்கும் புள்ளைங்க பொழைக்காது!"

பெற்றவர்கள் நடுங்கிப்போனார்கள். கரகம் எடுத்து வந்த அழகனின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியவர்களே அவன் கதவில் கல்லெறிந்தார்கள்.

மறுநாள் காலை, தோட்டத்தை விட்டுப் புறப்படுமுன் பொன்னையா மட்டும் கோயிலுக்கு வந்து கையை நீட்டினான். விரல் படாமல் திருநீற்றை மேலிருந்து போட்டான் மாயாண்டி.

"அவன் வரலியா?"

"வர மாட்டேங்கிறான் சாமி. ஒங்களப் பாத்தா பயமா இருக்காம்."

"என்னப் பாத்தா?"

"காப்புக் கட்டுறப்ப ஒங்க கை நடுங்குமாம். பாவம், இவரும் நம்மள மாதிரித்தான்னு நெனச்சிருந்தானாம். அவரே இப்புடிச் சொன்னா மத்தவங்க என்னாதான் செய்ய மாட்டாங்கன்னு கேக்குறான்."

மாயாண்டி வாசலை எட்டிப் பார்த்தான். "யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்ல மாட்டோம் சாமி. கல்லடி எப்புடி வலிக்கும்னு எங்களுக்குத் தெரியும்."

வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் அழகன் மூட்டையோடு நின்றிருந்தான். பொன்னையா போய் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அழகன் திரும்பியே பார்க்கவில்லை.

அம்மை வழக்கம்போல் தானாக இறங்கியது. பூசாரியின் வாக்குப் பலித்ததென்று ஊரே அவனைக் கும்பிட்டது. அவனோ, இருவரும் எந்த ஊரில் இறங்கியிருப்பார்கள், இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறார்களா என்று நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தான்.