சத்தம் போடாமல் வந்த பேருந்து

1

22 ஜூலை 2025, செவ்வாய்.

நேற்று இந்த நோட்டில் ஒரு தவறு எழுதிவிட்டேன். 'மின்சாரப் பேருந்தைக் கண்டு பெற்றோர்கள் பயந்துவிட்டார்கள்' என்று. யாரும் பயப்படவில்லை. ஒருவரையும் கேட்காமல் எழுதினேன். வாக்கியம் பார்க்க நன்றாக இருந்தது. அதனாலேயே உண்மையாகவும் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் காட்டுப்பாக்கத்தில் ஒரு பள்ளியின் வாகனப் பிரிவில் வேலை செய்கிறேன். மாலையில் பூந்தமல்லியில் எழுத்துப் பயிற்சி வகுப்பு. 'கண்ணால் பார்த்த ஒன்றைக் கதையாக்குங்கள்' என்று வகுப்பில் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை நான் பார்த்தது இதுதான்: ஒரு புத்தம் புதிய பேருந்து, அநேகமாகக் காலியாக, பள்ளி வாசலில் வந்து நின்றது.

2

கொஞ்சம் விவரம் தேவை. வகுப்பில் விவரத்தைக் கதைக்குள் கரைக்கச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் கரைக்க வரவில்லை. அப்படியே வைக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு நஜீர் பாயின் டீசல் பேருந்து ஓடுகிறது. வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவரே. வண்டிக்கு வயதாகிவிட்டது, இந்த வருடத்தோடு சாலையில் ஓட அனுமதி முடிகிறது. பழைய பள்ளிப் பேருந்தைக் கழித்துவிட்டு மின்சாரப் பேருந்து வாங்கும் பள்ளிகளுக்கு விலையில் பெரும்பகுதியைப் பொதுப் பணத்திலிருந்து தரும் ஒரு திட்டம் இருக்கிறது. [என் கதைக்குள் இருக்கிறது. பெயர் வைக்க முயன்றேன். வைத்த பெயரெல்லாம் போஸ்டர் போல இருந்தன.] பணம் கிடைத்தால் புதுப் பேருந்துக்கு நஜீர் பாய்தான் ஓட்டுநர், மாதச் சம்பளத்தில். கிடைக்காவிட்டால் வெளி ஒப்பந்தக்காரர் தன் வண்டியோடும் தன் ஆட்களோடும் வருவார். நஜீர் பாய் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பணம் தருவதற்கு முன் இரண்டு நாள் சோதனை ஓட்டம். ஒன்று திங்கள், இன்னொன்று புதன். இரண்டு நாளும் ஓட்டுவது நஜீர் பாய்தான். நடுவில் அதே பேருந்து வேறொரு பள்ளிக்குப் போகிறது. திட்ட அலுவலகத்திலிருந்து பவித்ரா என்ற பெண் முன் இருக்கையில் அமர்ந்து, ஏறும் பிள்ளைகளை எண்ணுகிறார். இரண்டு நாளில் ஒரு நாளாவது பாதி இருக்கைக்கு மேல் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் பணம் வரிசையில் அடுத்த பள்ளிக்கு.

இது நியாயம்தான் என்று நினைக்கிறேன். டீசல் புகைக்குக் கட்டணம் கட்டியவர், கட்டாதவர் என்று தெரியாது. பேருந்தில் ஏறுகிற பிள்ளையும் சுவாசிக்கிறது, நிறுத்தத்தில் பூக்கட்டுகிறவரும் சுவாசிக்கிறார். அதனால் புகையை நிறுத்தும் செலவு எல்லோருடையதாக இருக்கலாம். எல்லோருடைய பணம் என்றால், அது காலி இருக்கைகளுக்காகப் போகக் கூடாது. இந்தப் பத்தியை இருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கட்டுரை வாடை அடிக்கிறது. இருக்கட்டும்.

3

நேற்று எழுதிய தொடக்கங்கள்:

'மாற்றத்தை மனிதன் எப்போதும் சந்தேகத்துடன்தான்...' (நிறுத்திவிட்டேன். யார் இந்த மனிதன்?)

'பேருந்து நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது. ஏற ஆளில்லை. நஜீரின் கண்களில் நீர் திரண்டது.'

இரண்டாவதை இன்று மாலை வகுப்பில் ஜீனத்திடம் காட்டினேன். ஜீனத் என் பக்கத்து இருக்கை. நஜீர் பாயின் மகள். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

"எங்க அத்தா அழுதாரா? நீ பாத்தியா?"

"இல்ல. கதைக்காக..."

"நேத்து ஊட்டுக்கு வந்து இன்னா பண்ணாரு தெரியுமா? நாலு பரோட்டா துன்னாரு. சால்னா பத்தலன்னு என்னிய கடைக்கு தொரத்துனாரு. இத எழுது."

"அப்ப அவருக்கு வருத்தமே இல்லியா?"

ஜீனத் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "துன்னுட்டு ஒண்ணு சொன்னாரு. 'இத்தினி வருசம் ஓட்டிகினு இருந்தேன், ஒரு புள்ள கூடவா எனக்காக ஏறாது'ன்னாரு. அவ்ளோதான். டிவி போட்டுட்டாரு."

கண்ணீரை அடித்துவிட்டேன். பரோட்டாவை வைத்துக்கொண்டேன்.

4

அவர் அப்படிக் கேட்டாரென்று ஜீனத் சொன்னது மாலையில். அதற்கு முன்பே, இன்று மதியம், நான் கலைவாணி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை. 'பயந்த பெற்றோர்' பாத்திரத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கலைவாணி அக்காவின் மகளுக்கு வீசிங் உண்டு. பழைய பேருந்தின் பின்பக்கத் தரை வழியாகப் புகை உள்ளே வருவதால் அவளை முன் ஜன்னலோரமே உட்கார வைப்பார்கள். மின்சாரப் பேருந்து வேண்டும் என்று பள்ளியில் முதலில் வந்து கேட்டவரும் கலைவாணி அக்காதான். அவரே நேற்று மகளை அனுப்பவில்லை. இதில் ஆழமான ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ஏன்க்கா நேத்து பாப்பாவ ஏத்தல?"

"நான் எங்கப்பா ஏத்தல? வண்டிதான் வரவே இல்லியே."

"வந்துச்சுக்கா. தெருமுனைல நின்னு, பாத்துட்டுதான் போச்சு."

"எப்போ?" அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் நின்றார். "சத்தமே கேக்கலியே தம்பி. ஷூ போட்டு, தண்ணி பாட்டில் மாட்டி, கதவாண்டயே நிக்க வெச்சிருந்தேன். வண்டி சத்தம் கேட்டா ஓடலாம்னு."

"குரூப்ல மெசேஜ் போட்டோமே. புது வண்டி, சத்தம் இருக்காதுன்னு."

"படிச்சேனே. ரொம்ப நல்லதுன்னு கை தட்டுற பொம்ம கூட அனுப்பிச்சேன். படிச்சிட்டு, காலைல எந்திரிச்சி, சத்தத்துக்குதான் காத்துகினு கெடந்தேன்." சொல்லிவிட்டு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எதிர் ஊட்டுல போய் கேளு. அவங்களும் இதே கததான். அப்பறம் எல்லாம் ஆட்டோ புடிச்சி லேட்டா போச்சுங்க."

எதிர் வீட்டிலும் கேட்டேன். அடுத்த சந்திலும். எல்லோரும் கதவருகே தயாராக நின்றிருக்கிறார்கள்.

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் சந்துக்குள்ளிருந்து யாரும் முன்கூட்டியே நிறுத்தத்துக்குப் போவதில்லை. நஜீர் பாயின் பேருந்து பெரிய சாலையிலிருந்து திரும்பி இரண்டாவது கியருக்கு வரும்போது ஒரு கனைப்பு கேட்கும். அந்தக் கனைப்புக்குச் சட்னி தாளிப்பவர் அடுப்பை அணைப்பார், பிள்ளைகள் ஓடுவார்கள். அவர் ஹாரன் அடிப்பதே இல்லை. தெருமுனை வீட்டில் ஜம்புலிங்கம் என்றொருவர் படுத்த படுக்கையாக இருந்தபோது நஜீர் பாய் அதை நிறுத்தினார். ஜம்புலிங்கம் குணமாகி இப்போது மார்க்கெட்டுக்கு நடந்து போகிறார். ஹாரன் திரும்பி வரவில்லை.

[என் பாத்திரம் இங்கேதான் உடைந்தது. 'பயந்த பெற்றோர்' என்று ஒருவர்கூட இல்லை. அந்தப் பாத்திரத்தை என்ன செய்வது? வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.]

5

வகுப்பு முடிந்து ஜீனத்தும் நானும் பேருந்து நிலையத்துக்கு வெளியே நஜீர் பாயைப் பார்த்தோம். மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"இன்னா நைனா, என்னிய வெச்சி கத எழுதுறியாமே? ஹீரோவா, வில்லனா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை ஒரு விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது நின்றது.

"அப்ப ஏறக்கூடாதுன்னு இல்லியா?"

"இல்ல பாய். எல்லாம் ஷூ போட்டு ரெடியா நின்னுச்சுங்க."

"கலைவாணி பொண்ணுமா?"

"அதுதான் மொத."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். இந்த இடத்தில் அவர் முகத்தைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் எடுத்துவிட்டேன். ஜீனத் இதைப் படிப்பாள்.

"செரி, ஒரு வேல பண்லாம்," என்றார். "நாளிக்கி என் பழைய வண்டிய வேற ஆள வெச்சி முன்னாடி உட்டுகினு போவோம். பின்னாடியே புதுசு வரட்டும். சத்தம் கேட்டு அல்லாம் எறங்கி வந்துடும். கபால்னு புது வண்டில ஏத்திடலாம்."

"புகைய நிறுத்தறதுக்கு வர்ற வண்டிக்கு முன்னாடி புகை ஊர்வலமா?" என்றாள் ஜீனத். "அந்த பவித்ரா மேடம் எழுதிகினு போய் ஆபீஸ்ல படிச்சிக் காட்டும். விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"ஹாரன் அடிச்சா?" என்று கேட்டேன்.

"அந்த ரோட்டுல ஹாரனுக்கு எவன்டா திரும்பிப் பாப்பான்? தண்ணி லாரியிலேர்ந்து ஸ்கூட்டி வரிக்கும் அதையேதான் அடிச்சிகினு கீது."

"ஆடி மாசம்தான, கோயில் மைக்ல சொல்லச் சொல்லலாம்," என்றேன்.

ஜீனத் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மன் பாட்டு நடுவுல 'நஜீர் பாய் வண்டி வருது, ஓடியாங்க'ன்னா?"

நஜீர் பாய்தான் அதிகம் சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "நாளிக்கி உட்டா அவ்ளோதான் லோகேஷு. எனக்கு வேற வேலயும் தெரியாது, வேற தெருவும் தெரியாது."

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில் பழைய பேருந்து முன்னே போகிறது, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், பணம் கிடைக்கிறது. ஒரு நொடி இதற்கு ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் முன்னே போக வண்டி இருக்காது, அது கழிக்கப்பட்டிருக்கும். பேருந்து மறுபடி காலியாக வரும். பொதுப் பணத்தில் வாங்கிய காலிப் பேருந்து. அந்த முடிவு நாளை மட்டும் உண்மை.

இரண்டாவது முடிவில் பவித்ரா மனமிரங்கிக் கூடுதலாக எண்ணிக்கொள்கிறார். மதியமே தொலைபேசியில் அவரிடம் காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "புரியுதுங்க. ஆனா கதவுக்குப் பின்னாடி நிக்கிறவங்கள நான் எண்ண முடியாது. ஏறினா எண்ணுவேன்," என்றார். அவரை இளகிய மனதுக்காரராக மாற்ற எனக்கு உரிமை உண்டு, எழுதுகிறவன் நான்தானே. மாற்றவில்லை. அவர் சொன்னது சரி.

மூன்றாவதாக ஒன்று எழுதலாம். ஆனால் அது இன்னும் நடக்கவில்லை. நேற்று நடந்ததையே கேட்காமல் தப்பாக எழுதினவன், நாளை நடக்கப்போவதை எழுதினால் என்ன ஆகும்? ஆகவே வாசிக்கிற நீங்கள் இருக்கைகளை நிரப்பிக்கொள்ளுங்கள். முழுதாக நிரப்பினாலும் சரி, நின்றுகொண்டு வருகிறவர்களைச் சேர்த்தாலும் சரி. ஒன்று மட்டும்: உங்கள் எண்ணிக்கையை பவித்ரா ஏற்கமாட்டார்.

7

நாளை, புதன். பேருந்து கிளம்புவதற்கு முன் தெருக்களில் இருக்க வேண்டும். பிரித்துக்கொண்டது இப்படி: முதல் இரண்டு நிறுத்தங்கள் எனக்கு, மூன்றாவது கலைவாணி அக்காவுக்கு, கடைசி ஜீனத்துக்கு. சந்தின் உள்கோடி வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். 'வண்டி வருது, இனிமே சத்தத்துக்கு நிக்காதீங்க, மணியப் பாத்துக் கெளம்புங்க' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பிள்ளை படியிறங்கி நிறுத்தத்தை நோக்கி நடப்பதைப் பார்த்த பிறகே அடுத்த கதவு.