பாதிரியாரின் எண்பத்திரண்டு கிலோ

1

இது ஒரு துண்டறிக்கையாக இருந்திருக்க வேண்டியது. கடை மேசையில் அடுக்கி வைக்க ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று புர்கிள் கேட்டாள். எந்தப் பனிக்கு, எந்த ஆளுக்கு, எந்தச் சறுக்குப் பலகை. அவ்வளவுதான் விஷயம்.

"நாலு வரி போதும். வர்றவங்ககிட்ட எல்லாம் இதையே பாடிப் பாடி என் தொண்டை தேஞ்சு போச்சு" என்றாள்.

நாலு வரி கேட்டவளுக்குக் கிடைத்தது இந்தக் கதை. துண்டறிக்கை இன்னும் வரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. இதோ:

"பொடிப்பனியில் மிதக்க அகலமான பலகை. மலையேற லேசான பலகை. இரண்டும் வேண்டும் என்பவர்கள்..."

அங்கேயே நின்றுவிட்டது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இரண்டும் வேண்டும். அறுபது வயதில் முதல்முறை மலையேறப் போகிறவர் பந்தயக்காரனின் பலகையைத் தடவிப் பார்க்கிறார். வாரத்துக்கு மூன்று முறை சிகரம் தொடுகிற பெண்ணோ பல் இளித்துப்போன பழைய ஜோடியையே கட்டிக்கொண்டு அழுகிறாள். பலகைக்கும் இடுப்பு உண்டு. அகலத்தை அங்கேதான் அளந்து மில்லிமீட்டரில் பொறிப்பார்கள். இந்தத் திரோல் மலைகளில் யாரும் பொய் சொல்லாத இடுப்பு அது ஒன்றுதான்.

(நான் வாங்கியது நூற்றுப்பதினெட்டு மில்லிமீட்டர். ஆண்டுக்கு நாலு நாள் விழும் பொடிப்பனியை நினைத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் இரண்டு கதவுகளைக் காலில் கட்டி மலையேறினேன். மூன்றாவது வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னும் கடைச் சுவரில்தான் தொங்குகின்றன. எப்படியாவது கதைக்குள் கொண்டு வந்துவிடலாம் என்று ஓர் ஆசை.)

2

கதையின் தொடக்கம்:

"மலைமுகடுகளின் மேல் வெண்பனி ஒரு போர்வையைப் போல..."

வேண்டாம். பனியைப் போர்வை என்று எழுதுகிறவன் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டாதவன்.

மறுபடி:

கிரீஸ்பாக் ஊரில் சறுக்குப் பலகைக் கடை வைத்திருக்கும் வால்புர்கா டாங்கிலுக்கு, அதாவது புர்கிளுக்கு, ஐம்பத்திரண்டு வயது. அவள் கடையில் மேசைக்குப் பின்னால் ஒரு எடை மெஷின் இருக்கிறது. எண் தெரிகிற பக்கம் அவளைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்திருக்கிறாள். பலகை வாங்க வந்தாலும் வாடகைக்கு எடுக்க வந்தாலும் முதல் வேலை அதில் ஏறுவதுதான்.

"ஏறுங்க. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்."

எடை எதற்கு? பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் பூட்டு ஒன்று உண்டு. விழுந்தால் அது தானாகக் கழன்று காலை விட வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, எவ்வளவு முரட்டுத்தனமாகச் சறுக்குகிற ஆள் என்பதையெல்லாம் பார்த்து ஓர் எண்ணைத் திருப்புளியால் திருகி வைப்பார்கள். எண் குறைந்தால், கழலக்கூடாத இடத்தில் கழன்று பலகை தன் வழியில் போகும். கூடினால், விழும்போது கழலாது. பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் மறுபக்கம் திரும்பும், நடுவில் இருப்பது முழங்கால்.

புர்கிளின் இடது முழங்கால் அப்படித்தான் போனது, நாலு வருஷத்துக்கு முன்னால். பூட்டைத் திருகியது வேறு யாருமில்லை, அவளேதான். அட்டவணை அஞ்சு என்றது. 'நான் யாரு, எனக்கா அஞ்சு' என்று எட்டரைக்கு இறுக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தவள் முதலில் வாங்கியது அந்த மெஷினைத்தான். அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. ஊரையே மலைக்கு அனுப்புவாள். தான் மட்டும் போகமாட்டாள். காரணம் கேட்டால், "கடையை யாரு பாக்குறது?"

3

இப்போது பாதிரியார்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. குண்டான, நல்ல மனசுள்ள பாதிரியார் என்றால் ஏற்கெனவே எங்கோ படித்த மாதிரி இருக்காதா? ஒரு வரைவில் அவரை ஒல்லியாக்கிப் பார்த்தேன். கதையே நடக்க மறுத்துவிட்டது. எனவே பாதிரியார் கசியான், நாற்பத்தேழு வயது, குண்டு. மன்னிக்கவும்.

ஆயிரம் மீட்டருக்கு மேலே இங்கே யாருக்கும் 'நீங்க' கிடையாது, மந்திரியே வந்தாலும் 'நீ'தான். கிரீஸ்பாக் ஆயிரத்து இருநூறு மீட்டரில் இருக்கிறது. புர்கிள் எடை மெஷினில் ஏறச் சொல்லும்போது மட்டும் 'ஏறுங்க' என்பாள், கசாப்புக்கடைக்காரி கத்தியெடுக்கும்போது காட்டுகிற மரியாதை அது. அதைத் தவிர முழுநேர 'நீங்க' ஊரில் ஒருவருக்குத்தான், பாதிரியாருக்கு. அவர் போன வருஷ இலையுதிர்காலத்தில்தான் மாற்றலாகி வந்தவர்.

பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்திகளை மந்திரித்துக் கொடுக்கும் மெழுகுவர்த்தித் திருநாள். அன்று மேலே, மலையேறுகிறவர்கள் தங்கும் லெர்ச்சன் குடிலுக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் பூசை நடக்கும். பாதிரியார் பலகை கட்டி ஏறிப்போக வேண்டும். முந்தின நாள் அவர் கடைக்கு வந்தபோது புர்கிள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாள். பழக்கமில்லாதவர், ஆகவே தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். புதுப்பனியில் அமிழாது, தூக்கவும் கனமில்லை. ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டுகிற ரோமப்பட்டையையும் வெட்டிக் கொடுத்தாள். முதலில் வர வேண்டிய மெஷின் அன்று கடைசியில் வந்தது.

"எடை எவ்வளவு, சாமி?"

"எண்பத்திரண்டு."

அவள் ஒரு நொடி அவர் அங்கியைப் பார்த்தாள், ஒரு நொடி மெஷினைப் பார்த்தாள். பாதிரியாரை எடை மெஷினில் ஏறு என்று எப்படிச் சொல்வது? அதுவும், பாதிரியார் பொய்யா சொல்வார்?

பூட்டை ஐந்தரைக்குத் திருகினாள்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க மரியாதையின் ஆபத்துகள் பற்றி எழுதி வைத்திருந்தேன். நீங்களே யோசித்துக்கொள்வீர்கள் என்பதால் எடுத்துவிட்டேன்.)

4

மறுநாள் காலை ஒன்பதரை. இரவில் காற்றில்லாமல் இருபத்தைந்து சென்டிமீட்டர் பனி விழுந்திருந்தது. பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் இரண்டாம் நிலை, பயப்படும்படி இல்லை. கடையில் வாடகைப் பலகை ஒன்றுகூட மிச்சமில்லை. பாதிரியார் வீட்டில் சமைக்கிற ஒட்டிலி உள்ளே வந்தாள்.

"ஏன்டி புர்கிள், பெரிய ஊக்கு ஒண்ணு இருக்குமா?"

"எதுக்குக்கா?"

"சாமியோட கால்சட்டைக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ரெண்டு தடவை பிரிச்சு விட்டாச்சு. இனிமே பிரிக்கத் துணி இல்ல."

புர்கிளின் கை இழுப்பறையிலேயே நின்றது. "அக்கா, சாமி எண்பத்திரண்டு கிலோன்னு சொன்னாரே."

ஒட்டிலி சிரித்த சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்த பலகைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் நடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் சமையல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இருந்திருப்பாரு. போதாக்குறைக்கு இன்னிக்கு முதுகுல ஒம்பது கிலோ மெழுகுவர்த்தி."

"போன் எங்க? சாமியோட போன்?"

"சமையல்கட்டுல சார்ஜ் ஏறுது."

குடிலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குடில்காரன் கெப்ஹார்ட் கையில் மாவு இருந்தால் எடுக்கமாட்டான். பூசைநாளில் காலை முழுக்க மாவுதான். மீட்புக்குழுவைக் கூப்பிட்டு என்ன சொல்வது? 'பாதிரியார் எடை கூடிவிட்டார், உடனே வாருங்கள்' என்றா?

இறங்குகிற வழியில் ஓர் இடம் இருக்கிறது. ஓடைப் பள்ளத்துக்கு மேலே, சரிவைக் குறுக்காக வெட்டிப் போகிற நூறு மீட்டர். அங்கே புதுப்பனிக்கு அடியில் பழைய பனி கல்லாக இறுகிக் கிடக்கும். அந்த நூறு மீட்டரில் கனமான ஆளுக்கு இளகிய பூட்டு கழன்றால் ஒற்றைப் பலகையில் நிற்க முடியாது, நேரே பள்ளத்துக்குத்தான். புர்கிளுக்கு அந்த இடம் மீட்டர் மீட்டராகத் தெரியும். முழங்கால் போனது அதற்குக் கொஞ்சம் கீழேதான்.

பூசை பன்னிரண்டுக்கு. இரண்டு மணிக்கு இறங்குவார்கள்.

"அக்கா, கடையைப் பாத்துக்குறியா?"

"எனக்கு ஊக்கு வாங்கத்தான் தெரியும். விக்கத் தெரியாதே."

"யாரு வந்தாலும் மெஷின்ல ஏறச் சொல்லு. அது போதும்."

5

இந்தத் தொழிலின் முழு வித்தையும் இப்போது அவளுக்கே தேவைப்பட்டது. பூட்டு மாட்டித் தயாராகக் கடையில் மூன்று ஜோடிகள் மிச்சம்.

ஒன்று, என் நூற்றுப்பதினெட்டு. முதல் வரைவில் அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு ஒரே பெருமை. எழுதியதை அவளிடம் காட்டினேன். "கெட்ட முழங்காலை வெச்சுக்கிட்டு எண்ணூறு மீட்டர் ஏத்தம். ஒவ்வொரு அடிக்கும் உன் கதவைத் தூக்கணும். பனி கல்லான இடத்துல அகலப் பலகை ஓரம் கடிக்காது. என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டு, அறுபத்தைந்து மில்லிமீட்டர் பந்தயப் பலகை. இறகு மாதிரி ஏறும். இறங்கும்போது இருபத்தைந்து சென்டிமீட்டர் பொடிப்பனியில் முனை உள்ளே போய்விடும், ஆளும் பின்னாலேயே.

மூன்று, கொதிகலனுக்குப் பின்னால் நாலு வருஷமாகத் துணி சுற்றி நின்ற அவளுடைய சொந்த ஜோடி. எண்பத்தெட்டு. எல்லாவற்றுக்கும் கொஞ்சம், எதற்கும் முழுசாக இல்லை. கேட்கிற எல்லோருக்கும் அவள் சொல்வது இதைத்தான், யாரும் வாங்குவதில்லை. அழகாக இல்லையாம்.

துணியைப் பிரித்தாள். பூட்டு இன்னும் எட்டரையிலேயே இருந்தது.

அவள் மெஷினில் ஏறினாள். அதை வாங்கியதிலிருந்து முதல்முறை. (எண் எனக்குத் தெரியும். எழுதினால் அதற்கப்புறம் இந்த ஊரில் நான் ரொட்டி வாங்க முடியாது.) இறங்கி, அட்டவணையைப் பார்த்து, 'முரடு' என்ற கட்டத்தைத் தாண்டி 'நிதானம்' என்ற கட்டத்தில் விரல் வைத்தாள். திருப்புளியை எடுத்து இரண்டு பூட்டையும் ஐந்துக்கு இறக்கினாள். திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

6

ஏற்றத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது, அவள் கெட்ட வார்த்தை சொன்னாள். ஆகவே நேராகக் குடிலுக்கு.

பூசை முடிந்து ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒன்பது ஜோடிப் பலகைகள் பனியில் குத்தி நின்றன. பத்தாவதாக அந்தத் தொண்ணூற்றைந்து. அதைப் பார்த்த பிறகுதான் புர்கிள் தன் பலகைகளைக் கழற்றினாள். உள்ளே பாதிரியார் கசியான் ரொட்டி உருண்டை மிதக்கும் சூப்பின் முன் உட்கார்ந்திருந்தார். உருண்டையைத் தொடவில்லை.

"வா புர்கிள்! பூசை முடிஞ்சுதே. நீ மலைக்கு வர்றதில்லன்னு..."

"இன்னும் இறங்கலையே? இறங்கலைல்ல?"

"இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "வர்ற வழியில ஒரு சின்ன இறக்கம் இருக்கு பாரு, அங்க மூணு தடவை பலகை கழண்டுடுச்சு. கடவுள் ஏதோ சொல்றார்னு நினைச்சேன். இங்கேயே தங்கிடலாமான்னு கெப்ஹார்ட்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"கடவுள் இல்ல சாமி, நான்தான். அஞ்சரைக்குத் திருகினேன்." பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது, கூடவே ஆயிரம் மீட்டர் விதியும். "எவ்வளவு எடைய்யா நீ?"

"எண்பத்தி..."

"கசியான்!"

"தொண்ணூறு இருக்கும்."

அடுப்படியிலிருந்து கெப்ஹார்ட் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தான். "கயிற்று லிஃப்ட்டுல வர்ற சாமானை நிறுக்கிற தராசு பின்னாடி இருக்கு. மூட்டையே நிறுக்குது, சாமியை நிறுக்காதா?"

போனார்கள். பாதிரியார் தராசுப் பலகையில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கெப்ஹார்ட் உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கத்துகிற பழக்கத்தில் பள்ளத்தாக்கே கேட்கக் கத்தினான்: "தொண்ணூத்தேழு!"

இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பொய் சொல்லல, புர்கிள்" என்றார் பாதிரியார். "குருமடத்துல சேர்ந்தப்ப நிறுத்தாங்க. எண்பத்திரண்டு. அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

புர்கிள் பனியில் மண்டியிட்டு, திருப்புளியை எடுத்தாள். "நானும்தான் கேக்கல. வாயால கேட்டேன், அதுல என்ன இருக்கு? தள்ளி மெஷின்ல ஏத்தியிருக்கணும்." ஏழுக்குத் திருகினாள். பூட்ஸை மாட்டச் சொல்லி, கையால் முறுக்கிப் பார்த்தாள். பிடிக்க வேண்டிய வரை பிடித்தது, விட வேண்டிய இடத்தில் விட்டது.

"ஆமா, உன்னோடது எவ்வளவு?" என்று கேட்டார் அவர்.

"அஞ்சு."

அவர் தலையசைத்தார். அப்புறம் உள்ளே போய் உருண்டைகளைச் சாப்பிட்டார். அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

7

முடிவுகள்.

(அ) இருவரும் பொன்னொளியில் காலண்டர் படம் போல வளைந்து வளைந்து... வேண்டாம். தொண்ணூற்றேழு கிலோ அப்படி வளையாது.

(ஆ) ஹெலிகாப்டர். இதை இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் ரோமப்பட்டைக்குப் பசை வாங்கக் கடைக்குப் போனேன். புர்கிள் குனிந்து பெட்டி தேடினாள், இடது முழங்காலை ஒரு மாதிரி பார்த்துப் பார்த்து மடக்கி. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். கதையில்கூட அதை இன்னொரு தடவை உடைக்க எனக்குத் தைரியமில்லை.

(இ) ஓடைப் பள்ளத்துக்கு மேலே அந்த நூறு மீட்டர். பாதிரியார் முன்னால், வாயில் ஜெபம். புர்கிள் பின்னால், கண் முழுக்க அவர் குதிகாலில். பூட்டு பிடித்தது. கடைசி மீட்டர்வரை பிடித்தது. அதைத் தாண்டி ஆல்டர் புதர்களுக்கு நடுவே ஆபத்தில்லாத பொடிப்பனி மேட்டுக்கு வந்ததும், தப்பித்த சந்தோஷத்தில் அவர் இரண்டு கையையும் தூக்கினார். தலைகுப்புற விழுந்தார்.

க்ளிக். ஒரு பலகை. க்ளிக். இன்னொன்று.

பனிக்குள்ளிருந்து முதலில் தொப்பி வந்தது, அடுத்து சிரிப்பு வந்தது. "கழண்டுடுச்சு புர்கிள்! சரியா கழண்டுடுச்சு!"

பத்து மீட்டர் மேலே நின்ற புர்கிள் மூச்சு விட்டாள். காலை ஒன்பதரையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. அவரிடம் போக ஒரே ஒரு திருப்பம் வேண்டும். வலப்பக்கம். எடை முழுக்க இடது முழங்காலில்.

இங்கே நிறுத்துகிறேன். பயப்படாதீர்கள், இருவரும் அன்று மாலை ஒட்டிலியின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். அதை மறைத்து உங்களைத் தவிக்கவிட மாட்டேன். ஆனால் அந்த ஒரு திருப்பத்தை அவள் எப்படி எடுத்தாள் என்பதில் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்கிறார்கள். பாதிரியார் 'தேவதை மாதிரி' என்கிறார். அவர் கண்ணில் பனி. புர்கிள் 'விழுந்தேன், கழண்டுச்சு, எழுந்தேன்' என்கிறாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகம் விழுந்தவள் முகமாக இல்லை. கொதிகலனுக்குப் பின்னால் இப்போது அந்த எண்பத்தெட்டும் இல்லை, வாசலில் நிற்கிறது, ஈரமாக.

ஆகவே திருப்பம் உங்களுடையது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முடிவை எவ்வளவு இறுக்குவது என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், கேட்டால் எல்லோரும் எண்பத்திரண்டு என்கிறீர்கள். வெட்கப்படாமல் மேசைக்குப் பின்னால் வாருங்கள். புர்கிள் திருப்புளியோடு காத்திருக்கிறாள்.

"ஏறுங்க. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்."