சிவப்பு வண்டிக்குக் காய்ச்சல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பெயர். மாணவர்கள் வைத்தது. தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் காரில், அடுத்தவர்கள் கியரை நரநரவென்று மாற்றுவதைப் பல்லைக் கடித்துக் கேட்டபடியே பிழைப்பை ஓட்டியவள். இருவர் மட்டும் உட்காரும், கூரையை மடக்கித் திறக்கும் ஒருவகை ஸ்போர்ட்ஸ் கார் மேல் அவளுக்கு நெடுநாளாய் ஒரு கண். புதிது வாங்க வழியில்லை. பழையது ஒன்று, சிவப்பு, ஒரு பல் டாக்டர் வீட்டில் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்ததும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணவருக்கு அவள் ஆசையும் தெரியும், அவசரமும் தெரியும். துணைக்குத் தன் தங்கையை அனுப்பினார். தங்கைக்கு வங்கியில் வேலை. கடன் கேட்டு வருகிறவர்களிடம் முகம் கோணாமல் ‘முடியாது’ என்று சொல்வதில் கெட்டிக்காரி. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நல்ல ஒட்டுதல்தான். இருந்தாலும் அன்று வழியெல்லாம் நாத்தனார், பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் வீட்டு வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. டீச்சர் முதலில் செய்தது இஞ்சினை மூடியிருந்த முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். சூடாக இருந்தது. தான் வரும்வரை இஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள். பின்பக்கத்திலிருந்து இப்போதுதான் எடுத்துவந்தேன் என்றார் டாக்டர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஆறிய இஞ்சின் கிளம்பும்போதுதான் அதன் குறைகள் வெளியே வரும் என்று அவள் நாத்தனாரின் காதில் சொன்னாள். நாத்தனார் முகம் உடனே வங்கி முகமாக மாறியது.

இந்த ரக வண்டிகளுக்கு என்னென்ன நோய் வரும் என்பது டீச்சருக்கு மனப்பாடம். கதவுகளின் இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் மோதிய தடயமில்லை. டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. இருக்கைக்குப் பின்னால் விரிப்பை அழுத்தினாள்; ஈரம் கையில் ஒட்டியது. கூரையில் விழும் மழைநீர் வெளியேறும் துளை அடைத்துக்கொண்டிருக்கும், கம்பி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. நாத்தனார் பெருமூச்சு விட்டாள்.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார்கள். டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டார். இரண்டாவது கியர் லேசாகக் கரகரத்தது, அதுவும் எதிர்பார்த்ததுதான். ஊருக்கு வெளியே சாலை நீண்டதும் டீச்சர் காலை அழுத்தினாள். வண்டி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்துப் பாய்ந்தது. நாத்தனாரின் துப்பட்டா பறந்து அவள் வாயையே மூடியது. அவள் திட்டப்போகிறாள் என்று டீச்சர் திரும்பிப் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ, அண்ணி.”

இன்னொரு தடவை போனார்கள்.

திரும்பும் வழியில் சிக்னலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அசையவே இல்லை. வெப்பமுள் மெல்ல மேலே நகர்வதை டீச்சர் கண்டாள். காதைத் தீட்டினாள். முன்னால் சுழல வேண்டிய விசிறியின் சத்தம் இல்லை. சட்டென்று ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள். அனல் காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

“அண்ணி, இந்த வெயில்ல ஹீட்டரா?”

“இஞ்சின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கணும். பொறுத்துக்கோ.”

முள் தயங்கி, சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றது. வியர்வையில் தொப்பலாக நனைந்து, அடுத்திருந்த பெட்ரோல் பங்கின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். டீச்சர் இஞ்சினை நிறுத்தி, சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பி வைத்து, முன்மூடியைத் தூக்கினாள். அங்கிருந்த சின்னப் பெட்டியில் கருப்புக் கட்டிகளாக ரிலேக்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடுபவை. விசிறியின் ரிலேயைப் பிடுங்கினாள். ஹாரனுடையதும் அதே அச்சு. அதைக் கழற்றி விசிறியின் இடத்தில் செருகினாள்.

விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. நாத்தனார் கைதட்டினாள். பெட்ரோல் போடுகிறவரும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

டாக்டர் வீட்டுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது அவருக்கு முகம் வெளுத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நெரிசல்ல நின்னாலே முள்ளு ஏறும்மா. இஞ்சினே போச்சுன்னு நெனச்சுட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன், எங்க உங்க முன்னாடி மானத்த வாங்கிடுமோன்னு.”

“மெக்கானிக் கிட்ட காட்டலயா, டாக்டர்?”

“பயம். பல்லு ஆடுதுன்னு தெரிஞ்சும் வராம இருக்கறவங்கள தினமும் திட்டறேன். நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்.”

டீச்சருக்குக் கோபம் வந்தது. அவர் குரலைக் கேட்டதும் போயும்விட்டது. ஆனால் அன்றே முடிவு சொல்லவில்லை. மறுநாள் காலை வருவதாகவும், அதுவரை சாவி தன்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னாள். டாக்டர் மறுபேச்சின்றி நீட்டினார்.

இரவு அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பலமுறை சூடேறிய இஞ்சின் உள்ளே விரிசல் விட்டிருந்தால், தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கும். அப்படியென்றால் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில் முன்மூடி பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்தாள். தண்ணீர் கலந்திருந்தால் உள்ளே வெண்ணெய்போலப் படிந்திருக்கும். துணியால் துடைத்தாள், சுத்தமான எண்ணெய். ரேடியேட்டர் தண்ணீரிலும் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. நாத்தனாரைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். ஒரு கிறீச், ஒரு சிலுப்பல், பிறகு சீரான முழக்கம். வெகுநேரம் ஓடவிட்டாள்.

“வெள்ளப் புகை வருதா?”

“ஒண்ணுமே வரல, அண்ணி.” நாத்தனார் குனிந்தபடியே நின்றாள். “வாங்கிடலாம்.”

அவர்கள் கேட்காமலே டாக்டர் விலையைக் குறைத்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாகக் கடைகள் மூடியிருந்தன. ஆகவே ஹாரன் இல்லாமலேதான் வீட்டுக்கு மெதுவாக வந்தார்கள். குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் நாத்தனார் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் ஒதுங்குங்க, இது எங்க அண்ணி வண்டி,” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசித் திருப்பத்தில் சைக்கிளில் போன ஒருவர் ஒதுங்கி நின்று, வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.