ஒரு கை, இரண்டு கால்

"ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் பேசு பொன்மணி, நான் இன்னும் சொல்லியே முடிக்கல..."

"இன்னாத்த கேக்கணும்? எனக்கு பதிலா யார வெச்சிக்கலாம்னு என்னையே பொறுக்கித் தரச் சொல்றியே, அதத்தான் கேட்டுட்டேனேக்கா..."

"யாரை இல்ல, எதை. அது வெறும் சாஃப்ட்வேர்."

"அப்ப இன்னும் மோசம்."

ஷண்முகப்ரியா நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அபிராமபுரத்தில் அவள் வீட்டு மாடியறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. தெருவில் போகும் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கிகூட உள்ளே வராது. ஆனால் உள்ளே சண்டை போட்டால், சொன்ன சொல் எங்கும் மோதித் தேயாமல் அப்படியே வந்து எதிராளியின் மேல் விழும்.

நாளை மூன்று மணிக்குள் பாட்டு, படத்தின் இயக்குநர் கைக்குப் போக வேண்டும். ப்ரியா இசையமைக்கும் முதல் படம். டிரம்ஸ் வாசிக்க வேண்டியவள் பொன்மணி. பத்து நாளுக்கு முன் தரமணியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிஃப்தான் வழி சொன்னான்: டிரம்ஸ் ஓசையெல்லாம் உள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம், கீபோர்டில் தட்டினால் போதும். இரண்டைச் சோதனைக்கு இறக்கியும் வைத்தான். இரண்டில் எது நிஜமாக ஆள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கிறது என்பதில் அவனுக்கும் ப்ரியாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சும்மா வந்து கேட்டுவிட்டுப் போ என்று பொன்மணியை அழைத்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், அறைக்குள் கால் வைத்ததும் திரையில் திறந்து கிடந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டாள். 'டிரம்ஸ்: பொன்மணி' என்று போன வாரம் இருந்த இடத்தில் 'டிரம்ஸ் புரோகிராமிங்: ஆசிஃப்' என்று இருந்தது.

"எங்கம்மா ஏழு மாடிக்கும் சொல்லிட்ச்சுக்கா, எம் பொண்ணு பேரு படத்துல வருதுன்னு. லிஃப்டு வேற ரிப்பேரு. மாடிக்கு மாடி நின்னு மூச்சு வாங்கி, சொல்லிக்கினே ஏறிச்சு. இப்ப இன்னா, ஒவ்வொரு மாடியா எறங்கி வந்து இல்லன்னு சொல்லணுமா?"

ஆசிஃப் சிரித்துவிட்டான். ப்ரியா பார்த்த பார்வையில் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

"சரி, போடு நைனா," என்றாள் பொன்மணி. "உன் ஆளு எப்டி வாசிக்கிறான்னு பாக்கறேன்." திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

படத்தில், தி.நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்கும் ஒருத்தி, ஒரு மத்தியானம் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறாள். அந்த நடைக்குத்தான் பாட்டு. முதல் சாஃப்ட்வேர் ஒலித்தது. ஒவ்வொரு அடியும் விழுந்து, உருண்டு, தூரத்தில் போய் அடங்கியது.

"இது எந்த மண்டபம்? பந்தி முடிஞ்சி அல்லாரும் பூட்டாங்க. ஒருத்தன் மட்டும் குந்திக்கினு அடிக்கிறான்."

"வெளிநாட்டுல பெரிய ஹால்ல எடுத்ததும்மா. ஒவ்வொரு அடியையும் முப்பது தடவ பதிஞ்சிருக்காங்க."

"முப்பது தபா அடிச்சானே, அவன் பேரு போட்டுக்கீதா?"

ஆசிஃப் மவுஸை நகர்த்தித் தேடினான். கீழே வரை போனான். கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது ஒலித்தது. எதிரொலியே இல்லை. தோலில் குச்சி படுவது மட்டும் பக்கத்தில் கேட்டது. "எங்க ப்ளாக் லிஃப்டுல மாட்டிக்கினு கதவ தட்டுனா இப்டித்தான் இருக்கும்," என்றவள் சட்டென்று வலது கையை உயர்த்தினாள். "நிறுத்து. அந்த எடத்த இன்னொரு வாட்டி போடு." மறுபடி கேட்டாள். விரலை மடக்கினாள். "ஒரு கை சின்னத் தட்டுல கீது. ஒரு கை நடு டிரம்முல கீது. அதே நேரத்துல பெரிய தட்டுல டமார்னு விழுதே, அத யாரு அடிச்சது, உங்க மாமனா? மூணு கை கீதுக்கா இவனுக்கு."

அந்த இடத்தை எழுதியது ப்ரியா. கீபோர்டில் பத்து விரலாலும் தட்டலாம் என்பதால் எழுதியிருந்தாள். நான்கு நாளாக ஐம்பது முறை கேட்டும் அவளுக்குக் கை எண்ணத் தோன்றவில்லை. காது சூடேறியது.

"அதெல்லாம் சரி பண்ணிடலாம்," என்று ஆசிஃப் திரையில் ஒரு திருகைக் காட்டினான். "இதத் திருப்பினா மனுஷன் வாசிக்கிற மாதிரி அடி கொஞ்சம் முன்னப் பின்ன விழும். இப்ப பன்னெண்டு பர்சண்ட் வெச்சிருக்கேன்."

"பன்னெண்டு பர்சண்டு மனுசன்." பொன்மணி தலையாட்டினாள். "மீதி?" பிறகு குரல் மாறியது. "நான் ஒண்ணும் எங்க பட்தோ அங்க தப்பு பண்ணமாட்டேன் நைனா. பெரிய தட்டுல அடிச்சிட்டு திரும்பி வரச்சொல்லோ மட்டும்தான் லேட்டாவேன். ஏன்னா கை அம்மாந்தூரம் போய் வரணும். உன் ஆளுக்குப் போக தூரமே இல்ல, அவன் ஏன் லேட்டாவுறான்?"

பேசிக்கொண்டே எழுந்து, மூலையில் கணினியோடு இணைத்து, துணி போர்த்திக் கிடந்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் பேடுகளிடம் போய் ஒற்றைக் கையால் துணியை இழுத்துப் போட்டாள்.

"பொன்மணி, டாக்டர் என்ன சொன்னார்?"

"கைய ஆட்டாதன்னாரு. காலப் பத்தி ஒண்ணியும் சொல்லல." செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தாள். "அந்த ரெண்டாவது, லிஃப்டு மாரி கேட்டுச்சே, அதப் போடு. மண்டபம் அல்லாத்தையும் மூடி மறைக்குது."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரம்ஸ் குழுவில் சேருமுன் இரண்டு வருஷம் அவளும் அப்படி ஒரு ஜவுளிக்கடையில் நின்றவள்தான். வலது கால் பெரிய டிரம்மை மிதித்தது. இடது கால் சின்னத் தட்டுகளை மூடித் திறந்தது. வலது கை ஒன்றே நடுவில் அடித்தது. அதே கை பெரிய தட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அடி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இடது கை நிரப்ப வேண்டிய இடங்கள் காலியாகக் கிடந்தன. பாட்டு மெலிந்துவிட்டது என்றுதான் ப்ரியாவுக்கு முதலில் பட்டது. இரண்டாவது சரணத்தில், கடைக்காரி நடக்கிறாள் என்று பட்டது. மூச்சு வாங்குகிறாள், நிற்கவில்லை. நான்கு மாதமாக எழுதியும் அவளை இப்படி நடக்கப் பார்த்ததில்லை. ஆனால் நிறைவாக இருக்கணும் மேடம் என்று இயக்குநர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டால் பாதி வேலைதானே ஆகியிருக்கிறது என்பார்.

வாசித்து முடித்தபோது பொன்மணியின் மேலுதடு வியர்த்திருந்தது. கணினி எல்லாவற்றையும் பதிந்திருந்தது.

"ஃபீலு சூப்பர்," என்றான் ஆசிஃப். அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். "ஓட்டையெல்லாம் நான் ரொப்பிடறேன், ஒரு மணி நேர வேலை. உன் பேரும் போட்டுக்கலாம், என் பேரும் போட்டுக்கலாம்."

"அது ஓட்டை இல்ல. அங்கதான் எங் கை கட்டுல கீது."

"கேக்கறவங்களுக்கு அது எப்படிம்மா தெரியும்?"

"தெரிய வாணாம். கேட்டா போதும். நெசமா வாசிச்ச மாதிரி வேணும்னு தேடுனீங்கல்ல, நெசமா வாசிச்சிக்கீறேன். அது மேல ஒரு அடி நீ வெச்சாலும் அது நான் இல்ல. அப்பால எம்பேரும் வாணாம்."

ஆசிஃப் ப்ரியாவைப் பார்த்தான். ப்ரியா நாற்காலியை இழுத்துப்போட்டு, பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். 'டிரம்ஸ் புரோகிராமிங்' என்ற வரியை எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டே போய், 'டிரம்ஸ்' என்ற சொல்லில் நிறுத்தினாள். அதற்கப்பால் வெற்றிடத்தில் கர்சர் துடித்தது. அவள் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன.

பொன்மணி குச்சியைக் கீழே வைக்கவில்லை. அவள் வலது கால் மட்டும் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுக்கா. எங்கம்மா ஏழாவது மாடிலயே இருக்கட்டுமா, எறங்கி வரச் சொல்லட்டா?"