ஏழாவது மணி நேரம்

ஒரு மனிதனின் வாழ்க்கைக்கு அன்றைய சந்தை விலை, மணிக்கு ஒரு பரிசுக் கூப்பன். அகதிகள் குடியேற்றத்தை ஆராயும் பேராசிரியை அந்த விலையைச் சொன்னபோது, பஸ் கழுவும் வேலையில் இருந்த பெரியவர், "சொன்னா ஒண்ணு. சொல்லாம விட்டா எத்தனை தருவீங்க?" என்று பேரம் பேசிப் பார்த்தார். பிறகு ஏழு மணி நேரம் சொன்னார். இன்று கூடத்தில் வாய் மூடிக் கிடந்தார்.

துக்கம் கேட்க வந்த பேராசிரியையைத் தள்ளாத குறையாகச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான் மகன். பிணத்தை எடுக்கும் வண்டி வர இருபது நிமிடம் இருந்தது.

"பதிவு அத்தனையும் அழிச்சிடுங்க மேடம்."

"பேரை மாத்தித்தாங்க எழுதுவோம்."

"பஸ் கழுவுறவரு, ஒரே மகன், இந்தத் தெரு. பேர் வேற வேணுமாக்கும்? திங்கட்கிழமை எனக்குக் குடியுரிமை விசாரணை."

பேராசிரியை குரலைத் தாழ்த்தினாள். "ஏழாவது மணி நேரத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவன் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். எல்லையில் தன் அண்ணன் செத்து விழுந்ததும், அண்ணனின் ஆறு வயதுப் பையனான இவனைத் தன் மகன் என்று எழுதிக்கொடுத்தவர் அவர். அதன்பின் சாத்திய கதவுக்குள்ளும் 'சித்தப்பா', 'சித்தி' என்ற சொற்கள் எழுந்ததில்லை. பதினாறு வருஷம் பொத்திவைத்ததை விரல் அளவு ரெக்கார்டரிடம் கொட்டியிருந்தார் மனிதர்.

"ஏன் சொன்னாராம்?"

"அண்ணன் பேரு எங்கயாவது ஒரு இடத்துல இருக்கணும்னாரு. எந்தப் பேப்பர்லயும் இல்லையாம். அழிச்சா இதுவும் போயிடும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழிச்சிடுங்க."

பதிவை அழிக்கக் கோரும் படிவத்தைப் பேராசிரியை சமையல் மேடையில் வைத்தாள். 'இறந்தவருக்கு உறவு' என்ற கட்டத்தில் அவன் பேனா நின்றது. பிறகு 'மகன்' என்று எழுதியது. பேராசிரியை அதைப் படித்தாள். அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் ரப்பர் பேண்டு போட்ட கூப்பன் கட்டு.

"பதிஞ்ச பேச்சே இல்லேன்னு ஆயிடுச்சு, கூலி மட்டும் எதுக்கு? எண்ணிக்கோங்க."

மறுத்துப் பார்த்துவிட்டு எண்ணினாள் பேராசிரியை. "ஆறுதாம்மா இருக்கு."

"ஒண்ணுல இவனுக்கு ஷூ வாங்கிட்டாரு. வேலைக்குப் போற புள்ள ஓட்டைச் செருப்போட போறான்னு."

"எப்பம்மா?" என்றான் மகன்.

"கடைசியாப் பேசிட்டு வந்த அன்னிக்கு."

வண்டி வந்து நின்றது. அவன் தலைப்பக்கம் தூக்கப் போனான்.

ஏழு மணி நேரம், ஏழு கூப்பன், திரும்பியது ஆறு. பாக்கி ஒன்று, அவன் கழற்றிப்போட்ட ஷூவாக, வாசலில் வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே, கயிறு அவிழ்க்காமல் கிடந்தது.