மாடு தின்ற ரேஷன் கார்டு

ஹாஜிரா பீயின் ரேஷன் கார்டை எங்கள் வீட்டு மாடுதான் தின்றது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிர்வீட்டு சுப்பம்மா வேறு மாதிரி சொல்வாள். அவளுக்கு எதையும் உள்ளபடி சொல்லத் தெரியாது.

யுத்தம் முடிகிற வருஷம் அது. மயிலாப்பூரில் அரிசியை ஆள் எண்ணி அளக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகப் போயிற்று. கடையில் போட்ட அரிசியில் பாதி கல், மீதியில் பாதி புழு. அதோடு தலையில் கட்டிய கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் தெருவே உப்புமா கிண்டிக் கிண்டிப் பார்த்தது. கல்யாணப் பந்தியில்கூடச் சர்க்கார் தலை எண்ணிற்று. இப்போது நினைத்தால் அந்த அரிசியின் மக்கல் வாடைகூட மூக்குக்கு இனிக்கிறது. அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. எங்களுக்கும் ஹாஜிரா பீக்கும் நடுவில் ஒரு கட்டைச்சுவர். அவள் புருஷனை இழந்தவள். ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். மகள் ஷம்ஷாத், மகன் உமர் ஃபாரூக் என்று கார்டில் மூன்று பேர். ஆனால் உமர் வீட்டில் இல்லை. கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் காகிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அந்த வாசலைத் தாண்டும்போது தபால்காரர் நடையை எட்டிப் போடுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். காற்றுக்காகத்தான் ஜன்னலில் நிற்பேன்.

இல்லாத பிள்ளையின் பேரில் அந்த அம்மாள் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறாள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நான்தான் சொன்னேன்.

மடித்து மடித்து அந்தக் கார்டு நாலு துண்டாகிவிட்டது. தையல்காரி ஆயிற்றே, ஒரு துணியில் கஞ்சி தடவித் துண்டுகளை ஒட்டி, கட்டைச்சுவரில் வெயிலுக்கு வைத்தாள். சோற்றுக்கஞ்சிக்கு மனுஷரே ஏங்கிய காலம். மாட்டுக்கு மட்டும் என்ன விரதமா?

"மாமி! ஓடியாங்க! உங்க மாடு எங்க வூட்டு அரிசியெல்லாம் துன்னுடுச்சி!"

கத்தியது ஷம்ஷாத். நான் சுப்பம்மா வீட்டில் ஒரு முக்கியமான பேச்சில் இருந்தேன். பாதியில் விட்டு ஓடி வந்து பார்த்தால், பசுவின் வாயோரத்தில் ஒரு நூல்தான் தொங்கிற்று.

ரேஷன் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். மாட்டுக்கு நான்தானே பொறுப்பு! தவிர, அங்கே என்ன நடக்கிறதென்று யாராவது பார்க்க வேண்டாமா? இன்ஸ்பெக்டர் வேம்பு கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிழிஞ்சதுன்னா துண்டைக் கொண்டு வரணும். தொலைஞ்சதுன்னா எங்கேன்னு எழுதணும். திருட்டுன்னா போலீஸ்ல சொல்லணும். இதை நான் எதுல சேர்க்கறது?"

"துண்டு மாட்டு வயித்துல கீது, சார். நாளிக்கிக் காலையில வேணா..." என்று ஆரம்பித்தாள் ஹாஜிரா பீ.

"வேண்டாம், வேண்டாம்! தொலைஞ்சதுன்னே எழுதிக்கறேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து ஆளை எண்ணுவேன். இருக்கிறவாளுக்குத்தான் புதுக் கார்டுல பேர்."

அவள் முகம் செத்துப்போயிற்று. திரும்பும்போது பாதி வழியில், "மாமி, எம் புள்ள பேரை எடுத்துடுவாங்களா?" என்றாள்.

"எடுக்கத்தான் எடுப்பா. ஒரு ஆள் அரிசி போனா போறது, விடு."

"அரிசி யாருக்கு வோணும்?"

நான் நம்பவில்லை. அரிசி வேண்டாத ஆள் அன்றைக்கு ஊரில் யார்?

வியாழக்கிழமை வேம்பு வந்தார். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேண்டுமாம். கூப்பிடுவதற்கு முன்னாலேயே நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் கடையிலிருந்து கொண்டுவந்த நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறிற்று.

"மூணு பேர் கார்டு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேலா ரெண்டு பேர் அரிசிதான் வாங்கியிருக்கேள். மூணாவதை ஏன் வாங்கலை?"

"அவன் வந்தா வாங்கிக்கலாம்னு வுட்டுட்டேன், சார்."

இத்தனை நாள் தெரு முழுக்க நான் வடித்துக் கொட்டிய சோறு, அவள் கண்ணால்கூடப் பாராத சோறு.

"வாங்காத அரிசிக்குப் பேர் எதுக்கும்மா? மூணு மாசத்துக்கு மேல ஊர்ல இல்லாதவாளை அடிச்சுடணும். அதுதான் ரூல்."

"அடிக்காதீங்க, சார். சொந்தக்காரங்க இப்பவே வந்து, செத்தவங்களுக்கு ஓதற ஃபாத்திஹா ஓதிடலாமான்னு கேட்டுக்கினு கீறாங்க. சர்க்காரே அவன் பேரை அடிச்சிட்டா, நான் யார்கிட்ட போயி என் புள்ள கீறான்னு சொல்றது?"

வேம்பு கெட்டவரில்லை. ரூலுக்குச் சம்பளம் வாங்குகிறவர், அவ்வளவுதான். பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமி, நீங்க சொல்லுங்கோ. பையன் போய் எத்தனை மாசம் இருக்கும்?"

மாசமா? நாள், கிழமை, அவன் போட்டிருந்த சட்டை, கையில் தூக்கிக்கொண்டு போன தகரப்பெட்டி எல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். ஹாஜிரா பீ என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கென்ன தெரியும்? அடுத்தாத்து சமாசாரத்துல நான் தலையிடறதே இல்லை" என்றேன்.

ஷம்ஷாத் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேம்பு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமி, நான் இருக்கறது மந்தைவெளியில. என் ஆத்துச் சண்டையே உங்களுக்குத் தெரியும்னு கேள்வி."

"அது வேற. இந்தப் பையன் போன வாரம்கூட வந்துட்டுப் போயிருப்பான். நான் தூங்கிண்டிருந்திருப்பேன்."

"பகல்லயா?"

"ஏன், நான் தூங்கப்படாதா?"

அவர் கூரையைப் பார்த்தார். "போன தேதிக்குச் சாட்சி இல்லை. எந்தத் தேதியிலேர்ந்து அடிக்கறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து புதுக் கார்டை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் கையெழுத்தோடு போனது அது ஒன்றுதான்.

அவர் போனதும் ஹாஜிரா பீ கார்டை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு உருதுதான் படிக்கத் தெரியும். கார்டில் தமிழில் எழுதியிருந்தது.

"படிங்க, மாமி."

"ஹாஜிரா பீ. ஷம்ஷாத். உமர் ஃபாரூக்."

"மூணாவதை இன்னொரு வாட்டி."

"உமர் ஃபாரூக்."

"கொஞ்சம் உரக்கப் படிங்க, மாமி. தெருவுல கேக்கட்டும்."

படித்தேன்.