சொந்தச் சதையில் ஒரு வால்வு

என் வீட்டுக்காரர் குமாரசுவாமி ஐந்து வருஷம் ஓர் ஆட்டை நம்பி உட்கார்ந்திருந்தார். சிரிக்க வேண்டாம், எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் அவருக்குச் சமையல் வேலை. தொண்ணூற்றேழில் படியேறும்போது மூச்சு முட்ட, ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். பன்றியின் வால்வை வைக்கலாம், இல்லையென்றால் உலோகத்தில் செய்ததை வைக்கலாம். உலோகம் என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது.

பன்றி என்றதும் இவர் காதைப் பொத்திக்கொண்டார். உலோகமும் ஆகாதாம். மடைப்பள்ளியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அன்றைக்குச் சமைத்தது மொத்தமும் வெளியே போகும்; இடத்தைக் கழுவி மந்திரம் சொல்லிச் சுத்தி செய்யாமல் அடுப்பு மூட்ட முடியாது. அப்படிப்பட்ட ஆள் கையில் யார் அரிவாள்மணையைக் கொடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து, மடைப்பள்ளியில் இவருக்கு உதவியாக இருந்த என் தம்பி கணேஷ்ராம் பேப்பரோடு வந்தான். வெளிநாட்டில் ஓர் ஆட்டின் சதைத் துணுக்கை எடுத்து, வால்வாக வளர்த்து, அதே ஆட்டுக்கு வைத்துவிட்டார்களாம். ஆட்டுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்கும், அதுவரை பொறுக்கலாம் என்று இவர் முடிவுகட்டினார். தம்பியை நான் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும்.

முதலில் படியேறுவதை விட்டுக் கோயில் பஸ்ஸில் போனார். அப்புறம் அண்டா தூக்குவதை விட்டார். கடைசியில் படுப்பதையும் விட்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். கணேஷ்ராமைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டைப் பற்றி விசாரித்தார். என்னை யாரும் விசாரிக்கவில்லை. நான் தினமும் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து இரண்டில் பத்மஜா என்ற புது டாக்டரிடம் போனோம். வெளிநாட்டில் மனிதர்கள் ஓரிருவருக்கும் அப்படி வளர்த்து வைத்துப் பார்க்கிறார்கள், இங்கே எப்போது வருமோ தெரியாது, இவருக்கோ இன்னொரு வருஷம் தாங்காது என்றார். இவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. எப்படி வளர்ப்பார்கள் என்று கேட்டார். காலிலிருந்து ரத்தக்குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதிலுள்ள செல்களை ஒரு கூட்டின்மேல் படரவிடுவார்களாம். கூடு எதில் செய்தது என்றார் இவர்.

"பன்றி வால்வுதாங்க. அதுல பன்றியோட செல் ஒண்ணுகூட இல்லாம மருந்து போட்டுக் கழுவிடுவாங்க."

இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மண்பானை தீட்டுப்பட்டா அலம்பினாத் தீராதும்மா. உடைச்சுத்தான் போடணும்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஐந்து வருஷக் கோபம் மொத்தமும் அங்கேதான் வந்தது.

"வெண்கலப்பானைன்னா புளி போட்டுத் தேய்ச்சாப் போறும்னு நீங்கதானே சொல்லுவேள்? உலோகத்தையே வைக்கச் சொல்லுங்கோ. அரிவாள்மணை இல்லாம நீங்க இருந்துக்கலாம். நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது."

இவர் டாக்டரிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினார். உலோகத்துக்கே கையெழுத்துப் போட்டார்.

உலோக வால்வு சுவர்க்கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே கேட்கும். மடைப்பள்ளி கணேஷ்ராம் கைக்குப் போயிற்று. இவர் வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறார், படுத்துத் தூங்குகிறார்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகையன்று தம்பி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தான். இவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார். மடைப்பள்ளி ஞாபகம் வருகிறதா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அதெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சுடா."

முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மேல்துண்டுக்கு அடியில் டிக் டிக் வேகம் பிடித்து ஓடியது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்த வால்வு நான் வைக்கச் சொன்னது, அதன் சத்தத்தை நான்தான் கேட்க வேண்டும். அது நிதானத்துக்கு வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.